பலகையில் நான்கு வரி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது. கடைக்கு வெளியே, சுவரில் சாய்த்து ஒரு கரும்பலகை. சுவரைப் பார்த்த பக்கத்தில் ஸ்பைரல் பைண்டிங் விலை. தெருவைப் பார்த்த பக்கத்தில் தினமும் நான்கு வரி.

நேற்றுப் பார்த்த படம், அல்லது கேட்ட பாட்டு, அல்லது தின்ற பண்டம். மூன்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி அந்த நான்கு வரி இருக்கும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்ததும் எழுதுவாள் கடைக்காரி இசக்கியம்மாள். சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். வயது முப்பது. எம்.காம். படித்தவள். வாடிக்கையாளரிடம், "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பதற்கு மேல் பேசுவது அபூர்வம்.

ஒருநாள் பலகையில் இப்படி இருந்தது:

"தாலுகா ஆபீஸ் எதிரே, நின்றுகொண்டு.
வாழைக்காய் பஜ்ஜி, இரண்டு.
மழை வருமோ என்ற அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.
பஜ்ஜியின் மேல் எனக்குக் கோபமில்லை."

இன்னொரு நாள்:

"வீட்டு ஜன்னல் ஓரம். அடுத்த வீட்டு ரேடியோ.
பழைய பாட்டு. சரணத்தில் கரண்ட் போய்விட்டது.
மீதியை நான் பாடினேன்.
படியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது."

கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு காலையில் மதுரநாயகம் அந்தக் கடைக்கு வந்தார். வேளாண்மை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இசக்கியின் வயதைப் போல் இரண்டு மடங்கு.

"பாப்பா, இந்த நாலு வரி எழுத எனக்குக் கத்துக்குடு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒருத்தன் படிக்கணும்."

"யாரு?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு சட்டென்று ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய், அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

மைதானத்தில் நடந்துவிட்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். பலகையின் முன் நின்றார். நான்கு வரியையும் படித்தார். போய்விட்டார்.

"அவருதானா?" என்றாள் இசக்கி.

"ஆவுடையப்பன். முப்பது வருஷ சிநேகம். புதுப் படம் எது வந்தாலும் முதல் நாளே ரெண்டு பேரும் போயிருவோம். இடைவேளையில ஆளுக்கொரு சமோசா. திரும்பி வாரப்போ சண்டை. எனக்குப் பிடிச்சது அவனுக்குப் பிடிக்காது. வீடு வாரவரைக்கும் திட்டுவான்."

"இப்ப?"

"நாலு வருஷமாப் பேச்சு இல்ல."

"ஏன்?"

"அவன் மெல்லிசைக் குழுவுல பாடுவான். ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பாடினான். எப்படிவே இருந்துச்சுன்னு கேட்டான். குரல் போயிட்டுவே, இனி மைக்கைத் தொடாதன்னு சொன்னேன். அதோட பாட்டையும் விட்டுட்டான், என்னையும் விட்டுட்டான்."

மிஷினிலிருந்து தாள்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"போன் எடுக்கமாட்டான். வீட்டுக்குப் போனா அவன் பொண்டாட்டி காப்பி குடுப்பா. அவன் மாடியை விட்டு இறங்கமாட்டான். இந்தப் பலகையை மட்டுந்தான் நின்னு படிக்கான். நான் உள்ளதைத்தான் சொன்னேன், பாப்பா. முப்பது வருஷமா அப்படித்தான். உள்ளதைச் சொன்னது தப்பா?"

இசக்கி தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. சாக்பீஸ் நான் தாரேன்."

"அப்ப நீ குரு, நான் சீடன்," என்று சிரித்தார் மதுரநாயகம். கேலியாகத்தான் சொன்னார். நாளாக நாளாகக் கேலி போய், பெயர் மட்டும் நின்றது.

முதல் நாள் சீடர் எழுதினார்: "படம் சுமார். இசை இரைச்சல். இரண்டாம் பாதி இழுவை. ஐந்துக்கு இரண்டு."

குரு ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள்.

"எங்கே இருந்து பார்த்தீங்க?"

"தியேட்டர்ல இருந்துதான்."

"தியேட்டர்ல எங்கே?"

"பின்னாடி. ஓரத்து சீட்."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

"கையில என்ன?"

"ரெண்டு சமோசா. ஒண்ணு போதும்னு கடையில சொல்ல வரல."

"அதை எழுதுங்க."

"அது படத்துல இல்லையே."

குரு சாக்பீஸை நீட்டினாள். அவர் எழுதினார்:

"பின்வரிசை, ஓரம். பக்கத்து சீட் காலி.
இடைவேளையில் இரண்டு சமோசா வாங்கினேன்.
கதாநாயகன் செத்தபோது ஒன்று மிச்சமிருந்தது.
அது வீடு வரை வந்தது."

ஏழரைக்கு ஆவுடையப்பன் வந்தார். படித்தார். கையெழுத்தைச் சற்று உற்றுப் பார்த்தார். போய்விட்டார்.

"நின்னான், பார்த்தியா?" என்றார் சீடர், மிஷினுக்குப் பின்னாலிருந்து.

"தினமும் நிக்கிறவர்தானே," என்றாள் குரு.

சீடர் விடவில்லை. அவித்த கடலை, பட்டர் பிஸ்கட், கோயில் கொடை விழாவில் கேட்ட நாதசுரம், பேரனுக்காகப் பார்த்த கார்ட்டூன் படம், பனங்கிழங்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிய ஒவ்வொன்றுக்கும் குரு ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டாள். எங்கே இருந்து? பஸ்ஸிலா, கட்டிலிலா, பசியிலா, சாப்பிட்டு முடித்தா? நல்லது, மோசம் என்ற சொல் வந்தால் துணியை எடுத்தாள். யாருடைய பெயர் வந்தாலும் எடுத்தாள்.

"பேரை எழுதினாத்தானே அவனுக்குத் தெரியும்?"

"பேரு இருந்தா அவர் மட்டுந்தான் படிப்பாரு. இல்லாட்டி அவரும் படிப்பாரு."

கார்த்திகை வந்துவிட்டது. ஆவுடையப்பன் தினமும் வந்தார், படித்தார், போனார்.

ஒருநாள் சாயங்காலம் தூறல். கடையில் கூட்டமில்லை. காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏழு மாசம் ஆச்சு," என்றார் சீடர். "நான் எழுதுறதுன்னு அவனுக்குத் தெரியும். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? இரும்பு மனசு."

"அண்ணாச்சி, பாடாத மனுஷன் எதுக்குத் தொண்டையைப் பொத்தி வச்சிருக்காரு?"

சீடர் மெல்வதை நிறுத்தினார்.

"அந்த மப்ளரா? அது பாடுற காலத்துப் பழக்கம்."

"சரி," என்றாள் குரு. எழுந்துபோய்ப் பலகையை உள்ளே தூக்கிவந்தாள். துடைத்தாள். மிஷின்மேல் சாய்த்து வைத்தாள். "அந்த ரிசப்ஷன் பாட்டை எழுதுங்க."

"எந்த ரிசப்ஷன்?"

"நீங்க உள்ளதைச் சொன்னீங்களே. அது."

"அது நாலு வருஷத்துக்கு முந்தி. நேத்துக் கேட்டதை மட்டுந்தான் எழுதணும்னு சொன்னது நீதானே?"

"நேத்து உங்க காதுல அந்தப் பாட்டு கேக்கலையா?"

அவர் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். பலகையின் முன் நின்றார். முதல் வரி எங்கே இருந்து என்பது. கை மேலே போயிற்று. எழுதாமல் இறங்கிற்று.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல."

"எங்கே இருந்து கேட்டீங்க?"

வெளியே தூறல் தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது.

"எனக்கு நாற்காலி போட்டிருந்தான்," என்றார் சீடர். "முன்வரிசையில, நடுவுல. யாரும் உக்காந்திரக் கூடாதுன்னு அவன் துண்டை அதுல விரிச்சு வச்சிருந்தான். அன்னைக்கு இன்னொரு பாட்டுக்காரன் வரல. மூணு மணி நேரமும் இவன் ஒருத்தனே பாடணும். பயமா இருக்குவே, நீ முன்னால உக்காருன்னு சொன்னான்."

"உக்காந்தீங்களா?"

"பசிச்சுது. முதல் பந்திக்குப் போயிட்டு வந்துரலாம்னு கீழே இறங்கினேன். பந்தியில தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. பேச்சு வளந்துட்டு."

"எத்தனை பாட்டு கேட்டீங்க?"

"ஒண்ணு. கடைசிப் பாட்டு. கை கழுவுற இடத்துல நின்னு. குழாய் திறந்திருந்துச்சு."

குரு காராச்சேவுப் பொட்டலத்தை மடித்தாள்.

"அவன் இறங்கி வந்து கேட்டான். சட்டையெல்லாம் நனைஞ்சு போயிருந்தான். மேடை வெளிச்சத்துல அவனுக்கு முன்வரிசை தெரியாது. நான் அங்கதான் இருந்தேன்னு நினைச்சுட்டான். சாப்பிடப் போயிட்டேன்னு சொல்ல வாய் வரல. கேட்ட மாதிரி ஒண்ணு சொன்னேன்."

சாக்பீஸ் அவர் விரலில் ஒடிந்திருந்தது. இரண்டு துண்டாக.

"அதை அவன் நம்பிட்டான், குருவே."

அவள் வேறொரு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பலகையில் இருந்தது:

"நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ரிசப்ஷன். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. நான் கீழே பந்தியில் இருந்தேன்.
பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.
கேட்டது ஒரே பாட்டு. கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு.
மூன்று மணி நேரம் பாடியவரிடம், குரல் போய்விட்டது என்று சொன்னேன்."

கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் படித்தார்கள். சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி வந்து இன்னொரு முறை படித்துவிட்டுப் போனாள்.

ஏழேகாலிலிருந்து சீடர் மிஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண்ணாடிக் கதவை மூடியிருந்தார். கதவு முழுக்க ஹால்டிக்கெட், பஸ் பாஸ், லேமினேஷன் என்று ஒட்டிய தாள்கள். அவற்றின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தார். மிஷினில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பாடப்புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு ஆவுடையப்பன் வந்தார்.

நின்றார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மப்ளர் நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். இந்த முறை வெகுநேரம். பிறகு நிமிர்ந்து கடையைப் பார்த்தார். சீடர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மீண்டும் அவர் இடுக்கு வழியாகப் பார்த்தபோது ஆவுடையப்பன் மப்ளரைத் தளர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. படிப்பது போலவும் இருந்தது. வேறு எதுவோ போலவும் இருந்தது. அப்படியே அசைந்துகொண்டிருக்க, அவர் நடந்து தெருமுனையில் திரும்பிவிட்டார்.

சீடர் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டான். ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டான்," என்றார்.

குரு கையை நீட்டி மிஷினை நிறுத்தினாள். அதுவரை இருந்த சத்தம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுவது கேட்டது.

"எங்கே இருந்து கேட்டீங்க, அண்ணாச்சி?"

சீடர் மூடிய கதவைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் குரு ஈரத்துணியை எடுக்கவில்லை. பலகை அப்படியே இருந்தது. கடையைப் பூட்டும் நேரம் சீடர் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வருவானா?"

குரு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்ததும் அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே, பலகைக்குப் பக்கத்துல போடுங்க," என்றாள்.