கம்பு விழும் இடம்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. போதாததற்கு மூட்டுவலி வேறு.

சீடர் தெய்வசிகாமணி அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் இல்லாததால், தலைமையாசிரியர் விசிலையும் இவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார். மனிதர் அசரவில்லை. உயரம் தாண்டுதலில் மாநில அளவில் தங்கம் வாங்கிய பிலோமினா பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவளிடம் பாடம் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை, சைக்கிளின் பின்னால் ஒரு மாணவியையும் உட்காரவைத்து அழைத்து வந்தார். அவள் முகம் முழுக்கக் கண்ணீர்க் கறை.

"டீச்சர், பிள்ளைங்களுக்கு விடாமுயற்சிய எப்படித்தான் சொல்லிக் குடுக்கிறது?"

"இதுவரைக்கும் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"உங்க கதையத்தான் சொன்னேன். செருப்பில்லாம ஓடினது, ஆத்து மணல்ல தாண்டிப் பழகினது, தங்கம் வாங்கினது. வகுப்பே கை தட்டுச்சு. இந்த இசக்கியம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமா தட்டினா. இப்போ போட்டிக்கு இவளே வரமாட்டேங்கிறா!"

இசக்கியம்மாள் ஏழாம் வகுப்பு. வட்டாரப் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

"ஏன் தாயி?" என்றாள் பிலோமினா.

"போன போட்டியில கடைசி மூணு தடவையும் கம்பைத் தட்டிட்டேங்க்கா. எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. நான் ஒண்ணும் உங்கள மாதிரி கிடையாது."

இப்படி ஒரு பிள்ளை வாத்தியாருக்கு இனி எப்போது கிடைக்கும்?

"சார், என் கதையப் பாதியிலயே நிறுத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு பிலோமினா வீட்டுக்குள் போனாள். ஒரு பழைய தாளோடு திரும்பி வந்தாள். தங்கம் வாங்கிய அன்றைக்கு நடுவர்கள் எழுதிய தாளின் நகல் அது. ஆளுக்கு ஒரு வரி; தாண்டினால் வட்டம், தட்டினால் பெருக்கல் குறி. தாண்டத் தாண்டக் கம்பை ஏற்றிக்கொண்டே போவார்கள்; அடுத்தடுத்து மூன்று பெருக்கல் விழுந்தால் அவருக்கு ஆட்டம் முடிந்தது.

பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சது யாருன்னு சொல்லு பாப்போம்."

இசக்கியம்மாளின் விரல் ஒவ்வொரு வரியாக ஊர்ந்தது. மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

"எல்லா வரியும் மூணு பெருக்கல்லதான்க்கா முடியுது."

"ஆமா."

"அப்போ எல்லாருமே தோத்துட்டாங்களா?"

பிலோமினா கையை எடுத்தாள். கடைசி வரியில் அவள் பெயர். அந்த வரியின் முடிவிலும் மூன்று பெருக்கல்.

"ஐயய்யோ! நீங்களுமா தட்டினீங்க?"

"பின்னே? தங்கம் எனக்குத்தான்னு ஆனப்புறமும் கம்பை ஏத்தச் சொன்னேன். மூணு தடவையும் தட்டினேன். மூணாவது தடவை கம்பும் நானும் சேந்தே விழுந்தோம். மைதானமே சிரிச்சுது."

"அப்புறம் எப்படிக்கா உங்களுக்குத் தங்கம்?"

"மத்தவங்க எனக்கு முன்னாடியே தட்டிட்டாங்க."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், அன்னைக்கு நான் தட்டின உயரம் எவ்வளவு?"

"ஒண்ணே கால் மீட்டர்."

"அதுலயே வைங்க சார்."

வாசல் மணலில் பயிற்சிக்காக நட்டிருந்த இரண்டு கம்பங்களிலும் அளந்து வாத்தியார் கம்பை வைத்தார். அவள் பின்னால் நடந்து போய், குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து நின்றாள். வாத்தியார் குருவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"டீச்சர், திரும்பவும் தட்டிட்டான்னா? அப்போ என்ன கதை சொல்லி நான் இவளத் தேத்துறது?"

"தட்டுவா சார். கம்பு உங்க காலடியிலதான் விழும். எடுத்து வைங்க."