பதினேழு கைக்கு ஒரு சட்டி

பசியோடு வந்தவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இது சோற்றைப் பற்றிய கதை. வயிறு நிறைந்தவர்களும் இருங்கள், கதை முடிவதற்குள் உங்களுக்கும் பசித்துவிடும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவில், வெகு காலத்துக்கு முன்னே, மணிமாறன் என்று ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு யானை உண்டு, சேனை உண்டு, ஏழு களஞ்சியம் நிறைய நெல் உண்டு. பசி மட்டும் இல்லை.

தங்கத் தட்டைச் சுற்றி முப்பத்திரண்டு கிண்ணங்கள் வைப்பார்கள். அரசன் ஒன்றைத் தொடுவான், ஒன்றை முகர்வான், ஒன்றைத் தள்ளுவான். எழுந்து கை கழுவிவிடுவான். அவன் தொடாததெல்லாம் பின்வாசல் வழியாகக் குப்பைக்குழிக்குப் போகும். மூன்று வருஷமாக இதே கூத்து. ஆள் பாதியாக இளைத்து, மேல்கையில் போட்ட தோள்வளை முழங்கை வரைக்கும் வழுக்கி வந்தது.

அந்த அரண்மனை மடைப்பள்ளிக்குத் தலைவர் சேந்தப்பர். அவருடைய அப்பா பிடித்த வெள்ளிக் கரண்டி இப்போது அவர் கையில். அதைக் கீழே வை என்று அரசன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அவர் வம்சத்துக்கே ஊரில் முகம் கிடையாது. மூன்று வருஷமாக அரசன் தட்டைத் தள்ளும் போதெல்லாம் சேந்தப்பருக்குத் தம் நெஞ்சையே பிடித்துத் தள்ளுவது போல இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அரசனின் பல்லக்கு, பாய் நெய்கிறவர்களின் தெரு வழியாகப் போயிற்று. சேந்தப்பரும் கூட நடந்தார். ஒரு வீட்டுக்குள்ளே சந்தை மாதிரி இரைச்சல். திடீரென்று அந்த இரைச்சல் அடங்கிற்று. துளிச் சத்தம் இல்லை. பிறகு பத்துப் பதினைந்து வாய்கள் ஒன்றாகச் சேர்ந்து "ம்ம்" என்றன. கூடவே புளியும் வெந்தயமும் சுண்டிய ஒரு வாசனை.

அரசன் பல்லக்கை நிறுத்தச் சொன்னான். அவன் நாக்கில் எச்சில் ஊறியிருந்தது. அதை அவனே நம்பவில்லை.

"சேந்தா, அந்த வீட்டில் இப்போது என்ன தின்றார்களோ அது எனக்கு வேண்டும். மூன்று நாள் தருகிறேன். மூன்றாம் நாள் இருட்டுவதற்குள் அது கிடைக்காவிட்டால், கரண்டியை வைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விடு."

அரசன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான்.

மறுநாள் காலையில் சாதாரண வேட்டி கட்டிக்கொண்டு சேந்தப்பர் அந்த வீட்டுக்குப் போனார். உள்ளே கால் வைக்க இடமில்லை. நான்கு அண்ணன் தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள், ஒன்பது பிள்ளைகள், ஆக மொத்தம் பதினேழு பேர். ஒருவர் கோரையைக் கிழிக்கிறார், ஒருவர் சாயம் காய்ச்சுகிறார், ஒருவர் தறியில் இருக்கிறார். ஒரு குழந்தை தறியின் கீழே தூங்குகிறது. இத்தனைக்கும் நடுவில், மூத்தவனின் மனைவி மருதாயி அடுப்படியில் இருந்தாள்.

"பாத்து வாங்கண்ணே, கோரையை மிதிச்சிராதீங்க. பாயி நெளிஞ்சிரும்" என்றாள். அவர் யார், எவர் என்று கேட்கவில்லை. வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஒரு கலயம் நீட்டினாள்.

அரண்மனைக்காரர் கண்ட இடத்தில் கை நனைக்கலாமா? சேந்தப்பர் மரியாதைக்கு வாங்கி, ஓரமாக வைத்துவிட்டார்.

"தாயி, நேத்துச் சாயங்காலம் இங்க என்ன சமைச்சீங்க?"

"என்னத்தச் சமைக்கிறது? கத்திரிக்காப் புளிக்கொழம்பு. நேத்தும் அதான், முந்தாநேத்தும் அதான். கடைசியில கொழம்புச் சட்டியில சோத்தப் போட்டுப் பெரட்டி, வழிச்சு, ஆளுக்கொரு உருண்டை. அதுக்குத்தான் இதுக கிடந்து பறக்குதுக."

சேந்தப்பர் அடுப்படிப் பக்கமாகக் குந்தி, அவள் சமைப்பதைப் பார்த்தார். அரிசி கழுவிய முதல் தண்ணீர் மாட்டுக்குப் போயிற்று, இரண்டாவது தண்ணீரில் அவள் புளி கரைத்தாள். பீர்க்கங்காயைச் சீவினால் தோல் துவையலாயிற்று. முருங்கைக்கீரையை உருவினால் காம்பு ரசத்துக்குள் விழுந்தது. அடுப்பில் எரிகிற விறகு கூட ஒரு குச்சி அதிகம் இல்லை. கையால் அள்ளிய பருப்பு ஓர் உழக்கு இருக்குமா? அதை வைத்துக்கொண்டு பதினேழு பேருக்கு ஆக்கிவிட்டாள். அவர் மடைப்பள்ளியில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். இந்தக் கை அங்கே ஒருவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை என்று அவர் மனதுக்குள் ஒப்புக்கொண்டார். அது அவருக்கு லேசில் வருகிற காரியமல்ல.

எல்லாவற்றையும் மனதில் அளந்துகொண்டு ஓட்டமாக ஓடினார். பிஞ்சுக் கத்திரிக்காய், பழைய நெல்லரிசி, பசு நெய். செம்புச் சட்டியில் சுண்டவைத்து, சோற்றைப் புரட்டி, உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தார்.

அரசன் ஒரு வாய் தின்றான். "இது அது இல்லை" என்றான்.

சட்டியில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று சேந்தப்பர் முடிவு கட்டினார். மண்சட்டி, வருஷக்கணக்காகப் புளியும் எண்ணெயும் குடித்த சட்டி. இரண்டாம் நாள் காலையில் போய், "தாயி, அந்தச் சட்டியை ஒரு நாளைக்கு இரவல் தருவியா?" என்று கேட்டார். மருதாயி அதைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். கேட்காமலே ஒரு கொட்டைப்பாக்களவு புளியும் வைத்துக் கொடுத்தாள்.

அவள் சட்டி, அவள் புளி, அவள் செய்கிற மாதிரியே சிறு விறகு. நெய்யைத் தொடவில்லை. உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தார்.

அரசன் இரண்டு வாய் தின்றான். கொஞ்சம் யோசித்தான். "இது அது இல்லை" என்றான்.

அன்று சேந்தப்பருக்குத் தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார். வாசலிலேயே ஒரு சின்னப் பெண் எதிரே வந்தாள். மருதாயியின் கடைசி மகள், பூவாத்தா, ஐந்து வயது. சட்டியைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஏன் மாமா கொண்டு வந்துட்டீங்க?"

"ஏம்மா?"

"கொழம்புச் சட்டி இது ஒண்ணுதான். நேத்து நீங்க கொண்டு போயிட்டீங்களா, கொழம்பே வைக்கல. சாய அடுப்புத் தணல்ல பனங்கெழங்கு சுட்டோம். எல்லாரும் தணலச் சுத்தி உக்காந்தோம். சித்தப்பா பாட்டுப் பாடுச்சு. எனக்கு ரெண்டு கெழங்கு. இன்னைக்கும் எடுத்துட்டுப் போங்களேன்."

சேந்தப்பர் அப்படியே நின்றுவிட்டார். ஒரே ஒரு சட்டி. அதையும் முகம் தெரியாத ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இல்லாமையையும் திருவிழாவாக்கித் தின்றிருக்கிறார்கள். அரண்மனையில் அவர் புழங்கும் பாத்திரங்களை அடுக்க மூன்று அறைகள் உண்டு. அங்கே ஒரு நாளாவது யாராவது பாடினார்களா? அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மருதாயியிடம் போய் உண்மையைச் சொன்னார். தாம் யார், அரசன் என்ன கேட்டான், இன்று இருட்டுவதற்குள் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏண்ணே, வந்தீங்க, மோந்து பாத்தீங்க, அளந்து பாத்தீங்க. சட்டியைக் கூடத் தூக்கிட்டுப் போனீங்க. ஒரு வாயி தின்னு பாத்தீங்களா?"

இல்லை. அவர் தின்னவில்லை. மடைப்பள்ளிக்காரர் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பார், அவ்வளவுதான். மற்றவர்கள் உண்டு முடித்த பிறகு நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"சரி, இருங்க. சும்மா இருக்கிற நேரத்துக்கு அந்தக் கோரைக் கட்டைப் பிரிச்சுப் போடுங்க" என்றாள்.

மத்தியானம் வரைக்கும் பிரித்துப் போட்டார். முதுகு விட்டுப்போயிற்று. சாப்பாட்டின் கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள், அவரும் உட்கார்ந்தார். மருதாயி சட்டிக்குள் சோற்றைப் போட்டு, பக்கவாட்டில் ஒட்டியதையெல்லாம் வழித்துப் புரட்டி உருட்டினாள். ஒவ்வொரு கையாக வைத்துக்கொண்டு போனாள். வாங்கிய கை எதுவும் வாய்க்குப் போகவில்லை. பேச்சு நின்றது. கடைசிக் கைக்கும் கிடைத்த பிறகு ஒன்றாகத் தின்றார்கள்.

சேந்தப்பர் அந்த உருண்டையை விழுங்கியதும் எழுந்து அரண்மனைக்கு ஓடினார். வெள்ளிக் கரண்டியை எடுத்து அரசன் காலடியில் வைத்தார்.

"அரசே, அந்தச் சோற்றை நான் தின்றுவிட்டேன். அது உங்கள் தட்டுக்கு வராது, நீங்கள்தான் அதனிடம் போகவேண்டும். என் சொல் பொய்யானால், இந்தக் கரண்டியைத் திரும்பத் தொடாமல் எல்லையைத் தாண்டிவிடுகிறேன்."

அரசன் கரண்டியைப் பார்த்தான், சேந்தப்பரைப் பார்த்தான். பிறகு எழுந்தான். கிரீடத்தைக் கழற்றினான். தோள்வளையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை, கையைத் தொங்கவிட்டதும் தானே விழுந்தது.

அரசன் வாசலில் வந்து நின்றதும் அந்த வீட்டில் தறி நின்றது, கத்தி நின்றது. தூங்குகிற குழந்தையைத் தவிர எல்லோரும் எழுந்து நின்றார்கள். மருதாயி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள்.

"எனக்கு ஓர் உருண்டை வேண்டும்" என்றான் அரசன்.

அவளுக்குப் பயம்தான். ஆனாலும் சொன்னாள்:

"தாரேன் சாமி. ஆனா பசிக்காத கையில வச்சா அது வீணாப் போயிரும். வீணாக்குறதுக்கு எங்ககிட்டச் சோறு இல்ல. பொழுது சாயிற மட்டும் அந்தக் கோரையைக் கொஞ்சம் கிழிச்சுக் குடுங்க."

சேந்தப்பருக்குப் பாதி உயிர் போயிற்று. அரசனிடம் வேலை சொன்னவர்கள் அந்த ராச்சியத்தில் அதுவரை பிறக்கவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

அரசன் தரையில் உட்கார்ந்தான். கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டான்.

முதல் கோரை கோணலாகப் போயிற்று. இரண்டாவது விரலைக் கிழித்தது. மூன்றாவது நேராக வந்தது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். பூவாத்தா, "மோசமில்ல" என்றாள். பொழுது சாய்கிறபோது அவன் முன்னே ஒரு சின்னக் கட்டுக் கிடந்தது. இடுப்பு நிமிரவில்லை, நெற்றியில் வேர்வை.

வட்டம் கூடியது. இப்போது பத்தொன்பது கை. சட்டி அதே சட்டிதான். மருதாயி உருட்டினாள், எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டையை அரசன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வாய்க்குக் கொண்டு போனான்.

"பொறுங்க மாமா, எல்லாருக்கும் வரட்டும்" என்றாள் பூவாத்தா.

அரசனின் கை பாதி வழியில் நின்றது. நாடாளும் கையை ஓர் ஐந்து வயதுக் குரல் நிறுத்திவிட்டது.

இன்னும் ஆறு கைகள் இருந்தன. அரசன் பொறுத்தான். பிறந்தது முதல் அவன் சோற்றுக்காகக் காத்திருந்ததே இல்லை. உள்ளங்கையின் சூட்டில் வாசனை மேலே எழுந்தது. ஐந்து கை. நான்கு கை. மூன்று வருஷமாக எங்கேயோ ஒளிந்துகிடந்த பசி, பூனை மாதிரி மெல்ல அடியெடுத்து வந்து அவன் வயிற்றில் உட்கார்ந்தது. இரண்டு கை. கடைசியாக மருதாயி தனக்கு வழித்துக்கொண்டாள், அது பாதி உருண்டைதான் இருந்தது. அவள் வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

எல்லோரும் தின்றார்கள். அந்த "ம்ம்"மில் அரசனின் குரலும் இருந்தது. அவன் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அரசன் மறுபடியும் கையை நீட்டினான்.

மருதாயி சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. "அம்புட்டுத்தான் சாமி. இனி நாளைக்கு."

அரசன் அந்தச் சட்டியை உற்றுப் பார்த்தான். தன் எதிரில் ஒரு பாத்திரம் காலியானதை அவன் அதுவரை கண்டதில்லை. அவன் தொடுவதற்கு முன்பும் அவை நிறைந்தே இருக்கும், தள்ளிய பிறகும் நிறைந்தே இருக்கும். நாளைக்கு என்று அவன் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நாக்கால் எடுத்துக்கொண்டான்.

பல்லக்கு வேண்டாமென்று அரண்மனைக்கு நடந்தே போனார்கள். வழியெல்லாம் சேந்தப்பரின் கை கரண்டியில்லாமல் வெறுமையாகத் தொங்கிற்று. கோட்டை வாசலுக்கு வந்ததும் அரசன் நின்று திரும்பினான்.

"சேந்தா, நாளைக்கு என்ன குழம்பு? ஒரே ஒரு சட்டி போதும். எல்லோரும் உட்காரலாம், நீயும்தான்."

சேந்தப்பர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

கேட்டவர்கள் இதைக் கொண்டுபோங்கள்: உழைத்து, வீணாக்காமல், எல்லோருக்கும் கிடைக்கும்வரை பொறுத்திருந்து சேர்ந்து உண்பவர்களுக்குக் கொஞ்சமே போதும், தனித்து உண்பவனுக்கு ஏழு களஞ்சியமும் போதாது.