வாசலில் முளைத்த வள்ளிக்கொடி

ஆனைக்கல் காட்டில் முயல்கள் ஒரு பாறைக் குகையில் குடியிருந்தன. குகைக்கு ஒரே வாசல்தான். இரண்டு கருங்கற்களுக்கு நடுவே ஒரு முயல் மட்டும் நுழைகிற இடுக்கு. பொழுது சாய்ந்ததும் முயல்கள் வரிசையாக அதற்குள் புகுந்துவிடும்.

அதற்கு மேல் வெளியே நின்றவர்கள் காலையில் இருக்கமாட்டார்கள். கொஞ்சம் ரோமம் மட்டும் கிடக்கும். தூக்கிக்கொண்டு போவது எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதற்குப் பெயரே 'அது'தான்.

அந்த வருஷம் ஐப்பசி வெள்ளம் எங்கிருந்தோ ஒரு சர்க்கரைவள்ளிக் கொடியை அடித்துக்கொண்டு வந்து குகை வாசல் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனது. தை பிறப்பதற்குள் பள்ளம் முழுக்கக் கொடி. தோண்டிய இடமெல்லாம் கிழங்கு. அப்படி ஒரு இனிப்பு!

முன்பெல்லாம் முயல்கள் ஓடையைத் தாண்டிப் புல்மேடு வரை ஓடி மேய்ந்துவிட்டு வரும். இப்போது எதற்கு ஓட வேண்டும்? வாசலிலேயே விருந்து. ஆள் நடக்காத புல்மேட்டுப் பாதையில் காரைமுள் மண்டியது.

சாயங்காலம் முயல்கள் கிழங்கு தின்னும்போது பக்கத்து உண்ணிப் புதரிலிருந்து ஒரு குரல் வரும். மெல்லிய, பாசமான குரல்.

"என்ன கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டே? இன்னும் ஒரு வாய் சாப்பிடு!"

யார் பேசுவது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல வார்த்தை சொல்கிறவரிடம் போய் யார் நீ என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்?

முதலில் மாட்டிக்கொண்டது பஞ்சிப் பெரியம்மா. ஒரு மாலை அவள் தலை உள்ளே போனது, வயிறு போகவில்லை.

"அய்யோ, பிடிச்சு இழுங்கடி!" என்று அலறினாள்.

குகையின் உள்கோடியிலிருந்து தலைவர் நெடுங்காதரின் குரல் கணீரென்று வந்தது. "வாயைக் கட்டத் தெரியாதவங்க வெளியே கிடக்கட்டும்! இந்த வாசல் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது. செவத்தியைப் பாருங்க, அம்பு மாதிரி புகுந்து வர்றா!"

செவத்தி மெலிந்த முயல். எத்தனை தின்றாலும் அவள் உடம்பில் ஒட்டாது. அது அவள் சாமர்த்தியம் இல்லை, பிறந்த வாகு. ஆனாலும் தலைவர் புகழ்ந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரியம்மாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

காலையில் வாசலில் கொஞ்சம் ரோமம் கிடந்தது.

அன்று மாலை எல்லோரும் உள்ளே புகுந்த பிறகு வெளியிலிருந்து பஞ்சிப் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"செவத்தி... இங்க குளிரே இல்லடி. பசியே இல்ல. வெளியே வா கண்ணு."

குட்டிகள் தாயின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

"காத்து! வெறும் காத்து!" என்றார் நெடுங்காதர்.

மறுநாளிலிருந்து உத்தரவுகள் பறந்தன. காலையில் எல்லோரும் பாறையைச் சுற்றிக் குதிக்க வேண்டும். பிறகு 'அளவோடு உண்போம்' என்று தலைவர் குகைக்குள் இருந்தபடியே பேசுவார். முயல்கள் பள்ளத்தில் உட்கார்ந்து கிழங்கைக் கடித்துக்கொண்டே தலையாட்டிக் கேட்கும். பருத்தவர்கள் மாலை வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், வெட்கம் வந்தால்தான் புத்தி வரும் என்பது இன்னொரு உத்தரவு.

வெட்கம் வந்தது. புத்திக்குப் பதிலாகப் பசிதான் வந்தது. கேலிப் பேச்சுக்குப் பயந்து அவர்கள் தனியாக ஒதுங்கினார்கள். அங்கே அவர்களுக்கு ஆறுதல் சொன்னது அந்தப் புதர்க் குரல் மட்டும்தான்.

"அவங்க கிடக்காங்க! நீ சாப்பிடு கண்ணு."

ரோமம் விழாத காலை இல்லை என்றாகிவிட்டது. மாலை தோறும் வெளியே குரல்கள் கூடிக்கொண்டே போயின.

ஒரு நாள் வாசலில் மாட்டியது துள்ளான். செவத்தியின் கூடப்பிறந்த தம்பி.

"அக்கா!" என்று கத்தினான்.

செவத்தி அவன் முன்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். கல் விடவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"விடு அவனை! விதின்னா விதிதான்!" என்று சத்தம் போட்டார் தலைவர்.

செவத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஞ்சிப் பெரியம்மாவை ஏன் இப்படி இழுக்கவில்லை என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

"தலைவரே! மழைக்கு முன்னாடி இவன் ஓட்டத்துல என்னையே ஜெயிச்சவன். பெரியம்மாவும் நல்லா ஓடினவங்கதான். ஒரே மழையில இத்தனை பேருக்கும் சேர்ந்தாப்புல சோம்பேறித்தனம் வந்துடுச்சா? புதுசா வந்தது அந்தக் கொடி ஒண்ணுதானே! அதை விட்டுட்டு எங்க வயித்தையே அளந்துக்கிட்டு இருக்கீங்களே!"

"வாய் நீளுது உனக்கு! எத்தனை வருஷமா இந்த வாசல்ல போய் வர்றவன் நான். நான் மட்டும் ஏன் மாட்டிக்கல?"

"கடைசியா எப்போ வெளியே போனீங்க?"

எல்லோரும் யோசித்தார்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை. மழைக்குப் பிறகு தலைவர் இடத்தைவிட்டு அசைந்ததே இல்லை. தின்னக் கிழங்கு உள்ளேயே வந்துவிடும். அவருக்குப் பின்னால் அது மலையாகக் குவிந்திருந்தது.

நெடுங்காதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே பார்!" என்று துள்ளானை வெளியே தள்ளிவிட்டு இடுக்கில் பாய்ந்தார். தலையும் முன்னங்கால்களும் வெளியே போயின. மற்றதெல்லாம் உள்ளே நின்றுவிட்டது.

இப்போது வாசல் அடைபட்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது தலைவரின் வால் மட்டும். வெளியே அவருடைய தலை, பக்கத்தில் துள்ளான், எதிரே உண்ணிப் புதர்.

புதர் அசைந்தது. மஞ்சளாக இரண்டு கண்கள் தெரிந்தன. மூக்கு நரைத்த ஒரு கிழட்டுக் காட்டுப்பூனை நிதானமாக வெளியே வந்தது. அதற்கு அவசரமே இல்லை. அது வாயைத் திறந்தது. அந்த வாயிலிருந்து பஞ்சிப் பெரியம்மாவின் குரல் வந்தது.

"தலைவரே, இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே!"

நெடுங்காதரின் மீசை வெடவெடவென்று ஆடியது. "துள்ளான்... ஓடிடாதேப்பா... என்னை விட்டுட்டுப் போயிடாதே!"

துள்ளான் ஓடியிருக்கலாம். தன்னை வெளியே தள்ளியவர்தானே என்று விட்டிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. குனிந்து அவர் வயிற்றுக்கடியில் மண்ணைப் பறித்தான்.

"அக்கா! கல்லு கரையாது. மண்ணைப் பறி!"

செவத்தி உள்ளிருந்து பறித்தாள். மற்ற முயல்களும் சேர்ந்துகொண்டன. நகங்கள் தேயத் தேயத் தோண்டினார்கள். பூனை குரல் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே நெருங்கியது. ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பழக்கமான குரல்.

திடீரென்று மண் சரிந்தது. தலைவரை வாலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அந்தக் குழி வழியாகத் துள்ளான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தான். பூனையின் நகம் அவன் வால் ரோமத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

"குழியை அடைங்க!" என்று கத்தினாள் செவத்தி.

எதை வைத்து அடைப்பது? தலைவரின் கிழங்கு மலைதான் இருந்தது! உருட்டி உருட்டித் திணித்தார்கள். பூனை கிழங்கைப் பிராண்டிப் பார்த்துச் சலித்துப்போய் விலகியது.

விடிந்ததும் நெடுங்காதர் எல்லோருக்கும் முன்னால் துள்ளானிடம் வந்து தலை குனிந்தார். அன்றைக்குப் புது உத்தரவு ஒன்றும் போடவில்லை. வேலையைத்தான் தொடங்கினார்.

வாசல் பள்ளத்துக் கொடியைப் பிடுங்கினார்கள். "ருசியா இருக்கே, ஒரு ஓரமா விடக்கூடாதா?" என்று சிலர் முனகினார்கள். அவர்களுக்காக ஒரு துண்டைப் புல்மேட்டின் அந்தக் கோடியில் நட்டார்கள். வேண்டுமானால் ஓடிப்போய்த் தின்னட்டும்! பாதையில் மண்டிய காரைமுள்ளைக் கடித்து அகற்றினார்கள். உண்ணிப் புதரை வேரோடு சாய்த்தார்கள். வாசல் குழியை மூடாமல் விட்டு, பொழுது சாய்ந்ததும் உள்ளிருந்து உருட்டி அடைக்க ஒரு கல் வைத்தார்கள்.

பருத்த முயல்கள் வரிசையில் முதலில் நுழைந்தன. மெலிந்தவர்கள் அவர்களுடன் சேர்ந்து மெதுவாகப் புல்மேடு போய் வந்தார்கள். சிலர் சீக்கிரம் இளைத்தார்கள். தலைவர் மெல்ல மெல்ல இளைத்தார். துள்ளான் அவ்வளவாக இளைக்கவில்லை. ஆனால் ஓடினான், வீட்டுக்கு வந்தான்.

இன்றும் சில மாலைகளில் தூரத்திலிருந்து பஞ்சிப் பெரியம்மாவின் குரல் கேட்கும். "இன்னும் ஒரு வாய் சாப்பிடு கண்ணு..." செவத்தி காதுகளை மடித்துக்கொண்டு அழுவாள். பிறகு எழுந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கல்லை உருட்டுவாள்.

ஊரே ஒன்றாகப் பருத்தால் ஒவ்வொரு வயிற்றையும் திட்டிக்கொண்டிருக்காமல், வாசலில் முளைத்ததைப் பிடுங்கி, வெளியே நிற்பவரை உள்ளே சேர்ப்பதே ஊரை ஆள்பவர் செய்ய வேண்டிய வேலை.