‘ங்க’ போட்ட அல்வா

இசக்கிமுத்து கரண்டியைச் சாம்பார் அண்டாவுக்குள் வீசினார். தெறித்த சாம்பார் பந்தியில் முன்வரிசையில் இருந்த எல்லார் மேலும் விழுந்தது.

"என் மவ கல்யாணமும் உமக்கு அல்வாவா, வே?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. பையைக் கட்ட அறைக்குப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். மடத்தில் சமையல் அவருடையது. திருநெல்வேலிக்காரர். போன வருஷம் வந்து சேர்ந்த அன்றே எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னார். அன்றிலிருந்து அவர் அல்வா. "அல்வா, தண்ணி." "அல்வா, இன்னொரு தோசை." அவரும் சிரித்துக்கொண்டே ஊற்றினார், சிரித்துக்கொண்டே சுட்டார்.

இன்று காலைப் பந்தியில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றியபடியே, மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கு, எல்லாரும் வரணும் என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

உடனே சென்னியப்பன் வாயைத் திறந்தார். "கல்யாணம் நெசந்தானுங்களா? அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தா, மண்டபமே இல்லாம அல்வா குடுத்துருவீங்களேங்க!"

பந்தியே சிரித்தது. கரண்டி பறந்தது.

சென்னியப்பன் கோயமுத்தூர்க்காரர். மோட்டார் காயில் கட்டும் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். ஞானம் இன்னும் கிடைக்கவில்லை. வாய் மட்டும் கூடவே வந்திருந்தது.

நேராகக் குருவிடம் போனார். குருவின் பெயர் சின்னச்சாமி. சென்னியப்பனைவிட இருபது வயது இளையவர். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. நான் என்னங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்? மரியாதையா ‘ங்க’ போட்டுத்தானுங்க சொன்னேன்."

"கேட்டேன்."

"ஊருன்னா நாலு பேச்சு இருக்கத்தானுங்க செய்யும். என்னையுந்தான் கோயமுத்தூர்க் குசும்புங்கறாங்க. நான் கோவிச்சுக்கறேனுங்களா? எனக்குப் பெருமையால்ல இருக்குது! அப்புறம் அது எந்த எடத்துல வசவாகுதுங்க?"

சின்னச்சாமி பம்பை நிறுத்தினார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கோயமுத்தூர்க் குசும்பு!" என்றார்.

சென்னியப்பனுக்குச் சந்தோஷம். குருவே சொல்லிவிட்டார். ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்டார்.

"பாருங்க, மறுபடியும்! குசும்பு!" என்று சிரித்துக்கொண்டே சின்னச்சாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சமையலுக்கு ஆள் இல்லை. வாயால் வந்த வினை, மதியச் சமையல் சென்னியப்பன் தலையில் விழுந்தது. அவர் செய்தார். செய்ததை ருசி பார்த்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. பந்திக்கு ஓடினார்.

"சாம்பாரை ஊத்திக்காதீங்க! உப்பு ரெண்டு தரம் போட்டுட்டேனுங்க!"

"குசும்பப் பாரு இந்த ஆளுக்கு," என்றார் ஒருவர்.

"நெசமாத்தானுங்க!"

"மூஞ்சிய எப்படி வச்சிருக்கார் பாருய்யா!" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே பிசைந்தார்கள். சிரித்துக்கொண்டே வாயில் வைத்தார்கள். அதோடு சிரிப்பு நின்றது. தண்ணீர்க் குடம் காலியானது.

"ஏங்க, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னேனுங்களே!"

"நீங்க சொன்னா யார் நம்புவா?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மோர்ச் சோறாவது போடலாம் என்று அதற்கு ஊறுகாய் எடுக்கச் சாமான் அறைக்குள் போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. அந்தத் தாழ்ப்பாள் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும். சரிசெய்யத்தான் ஆள் கிடையாது.

மிளகாய் மூட்டைக்கும் புளிப் பானைக்கும் நடுவில் நின்று தும்மினார். கதவைத் தட்டினார். வெளியே இரண்டு பேர் நடந்து போனார்கள்.

"கதவு மாட்டிக்கிச்சுங்க! தொறங்க!"

"குசும்பு இன்னும் அடங்கலை," என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இன்னும் பலமாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் தெரிந்த செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரது உள்ள?" சின்னச்சாமியின் குரல்.

"நானுங்க சாமி! தாழ்ப்பாள் விழுந்துருச்சுங்க!"

"உண்மையாவா?"

"சத்தியமாங்க!"

"எந்த ஊர்?"

உள்ளேயிருந்து முதலில் ஒரு தும்மல் மட்டும் வந்தது.

"கோயமுத்தூருங்க."

சின்னச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். செருப்புச் சத்தம் தள்ளிப் போய்விட்டது.

சென்னியப்பன் தட்டுவதை விட்டுவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். மிளகாய் மூட்டை. எழுந்துகொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எல்லாமே மிளகாயால் வந்தது என்று சொல்ல முடியாது.

பிறகு கதவு திறந்தது. சின்னச்சாமி நின்றார். இப்போது சிரிக்கவில்லை.

சென்னியப்பன் வெடித்தார். "ஏனுங்க சாமி! நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே சிரிச்சா, நான் எதைத்தானுங்க சொல்றது? உள்ள மாட்டுனது கோயமுத்தூரு இல்லீங்க, நானுங்க!"

"காலையில ஒருத்தர் இதையேதான் சொன்னார்," என்றார் சின்னச்சாமி. "கரண்டியால சொன்னார்."

சென்னியப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எதிர்வாதம் செய்யவில்லை. அவருக்கு அது புதுசு.

"நான் என்னங்க செய்யறது?"

"ரெண்டரை மணி பஸ் இன்னும் வரலை. போங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

சென்னியப்பன் ரெண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பினார்.

"சாமி, அவரு பேரு என்னங்க?"

சின்னச்சாமி அவரையே பார்த்தார்.

"என்னை ஏன் கேட்கிறீங்க? அவரைக் கேளுங்க."

பஸ் நிறுத்தத்தில் இசக்கிமுத்து பை மேல் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னவே சென்னியப்பன், இங்கயும் வந்துட்டீரா? மிச்சம் சிரிக்கணுமா?"

"இல்லீங்க. சாம்பார்ல உப்பு ரெண்டு தரம் போட்டுட்டேனுங்க."

"தெரியும். கிணத்தடிக்கு ஆளு ஓடுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது."

சென்னியப்பன் கேட்க வேண்டியது அவர் பேரை. ஒரு வருஷம் ஒருத்தர் கையால் தின்றுவிட்டு அதை எப்படிக் கேட்பது? வேறு கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?"

"கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். நல்ல பையன்."

‘நெசமாங்களா’ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"நல்ல வேலைங்க. புள்ளை சந்தோசமா இருக்கட்டுங்க."

இசக்கிமுத்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"காலையில நான் பேசுனது தப்புங்க," என்றார் சென்னியப்பன். "கல்யாணம் முடிஞ்சு மடத்துக்குத் திரும்பி வந்துருவீங்கல்ல?"

"நீரு மொதல்ல கல்யாணத்துக்கு வாரும். பொறவு நான் வாரதப் பாப்போம்."

"கண்டிப்பா வர்றேனுங்க. எப்படி வரணுங்க?"

"ஆவணி கடைசி முகூர்த்தம். வள்ளியூர்ல எறங்கும்."

"எறங்கி?"

"எந்தக் கடையிலயும் என் பேரைச் சொல்லும். சின்னப்பிள்ளை கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து விட்டுரும்."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. இசக்கிமுத்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"வேற ஒண்ணும் வேண்டாம்வே! பேரு ஒண்ணு போதும்!"

"சரிங்க! சரிங்க!" என்று சென்னியப்பன் இரண்டு கையையும் ஆட்டினார்.

குரு கேட்கச் சொன்னதை அவர் கேட்கவில்லை.