தொட்டியைத் தூக்கிய பூ

ஓசூரில் இருக்கும் திலகவதிக்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் ஆராவமுதனுக்கு அறுபத்து நான்கு. இந்த வித்தியாசம் யாருக்காவது உறுத்தினால், ஆராவமுதனுக்கும் முதலில் உறுத்தத்தான் செய்தது.

அவர் தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திலகவதியின் பேச்சைக் கேட்க அவர் வீட்டு மாடியில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். திலகவதி கொஞ்சம்தான் பேசுவார். அந்தக் கொஞ்சத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஆராவமுதன் முதன்முதலில் அங்கே போனார். மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு சின்னத் தொட்டியோடு படியேறினார். தொட்டியில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டைக் கள்ளி. மேலெல்லாம் வெள்ளை முள். உச்சியில் ஒரே ஒரு ரோஸ் நிறப் பூ.

"அம்மா, நாளைக்கு என்னைப் பேசச் சொன்னீங்களே, அதுக்கு இதுதான் பொருள். வாடாமை."

"பூவா?"

"பூதான். தள்ளுவண்டியில வாங்கி எட்டு மாசம் ஆச்சு. ஒரு இதழ் உதிரலை. கள்ளி பத்திப் பதினோரு புத்தகம் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் இப்படி ஒரு பூ கிடையாது."

"அப்ப புத்தகம் தப்பா?"

"அதை எழுதினவங்களுக்கு இப்படி ஒரு பராமரிப்பு அமையலைன்னு நினைக்கிறேன்."

திலகவதி தொட்டியை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார்.

"மொட்டா இருந்தப்பப் பார்த்தீங்களா ஐயா?"

"இல்லை, வாங்கும்போதே விரிஞ்சிருந்தது. ஆனா உயிர்த்துடிப்பு அபாரம். தண்ணி ஊத்தின அன்னிக்கு இதழையெல்லாம் கூப்பிக்கும். காய்ஞ்சதும் விரிச்சுக்கும். பேச்சுல அந்த இடத்துக்குப் பணிவுன்னு பேர் வெச்சிருக்கேன்."

"எங்க வாசக்கதவும் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நான் அதைக் கும்பிட்டதில்லை."

ஆராவமுதன் பெருந்தன்மையாகச் சிரித்தார். முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவருக்கு அந்தச் சிரிப்பு இயல்பாக வரும்.

"சரி, நீங்களே சொல்லுங்கம்மா. இது ஏன் வாடலை?"

திலகவதி இரண்டு விரலால் பூவைப் பிடித்தார். தூக்கினார். பூவோடு கள்ளி வந்தது, கள்ளியோடு மண் வந்தது, மண்ணோடு தொட்டியும் வந்தது. எல்லாம் அந்தரத்தில் லேசாக ஆடின.

"எந்தப் பூ ஐயா தொட்டியைத் தூக்கும்?"

ஆராவமுதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பூவுக்கு அடியில், முட்களுக்கு நடுவில், உறைந்த பசை பளபளத்தது. எங்கோ காய்ந்த ஒரு பூவை யாரோ ஒட்டி விற்றிருந்தார்கள்.

நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஐம்பது பேர் வராங்க. பழைய மாணவர்களையெல்லாம் நானே கூப்பிட்டிருக்கேன். நாளை ஒரு பொழுது கழியட்டும். திங்கட்கிழமை எடுத்துடறேன்."

"எடுத்துக்கலாம். உச்சியிலதான் இது வளரணும். அங்கதான் மூடியிருக்கு. எட்டு மாசம் பொறுத்தது, இன்னும் ரெண்டு நாள் பொறுக்காதா?"

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். ஆராவமுதன் கள்ளியை மறுபடி பார்த்தார். மேலே போக வழியில்லாமல் அது ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. அந்தச் சாய்வை நடன நிலை என்று குறிப்பேட்டில் வர்ணித்திருந்தார்.

திலகவதி நகம் வெட்டும் கத்தரி ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பசை பிடித்திருந்த முட்களை ஆராவமுதன் ஒவ்வொன்றாக நறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று விரலில் ரத்தம். எட்டு மாதத்தில் அந்தச் செடியை அவர் தொட்டது அன்றுதான். பூ கையோடு வந்தது. அடியில், கட்டுப் பிரித்த புண்ணைப் போல, வெளிறிய ஒரு வட்டம்.

"பிழைக்குமா?"

"தெரியலை," என்றார் திரும்பி வந்த திலகவதி. "பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணுக்கு மாத்துங்க. காலை வெயில் படட்டும். தை முடியற வரைக்கும் தண்ணி வேண்டாம்."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஊத்தணும்னு தோணும்போது ஏதாவது படிங்க."

"கள்ளி பத்தியா?"

"அது மட்டும் வேண்டாம்."

மறுநாள் ஐம்பது பேருக்கு முன்னால் மொட்டைக் கள்ளியை வைத்தார். "இதில் வாடாத பூ இருப்பதாகச் சொல்லி உங்களை அழைத்தேன். அது ஒட்டின பூ, எனக்குத் தெரியவில்லை," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான உரை. பழைய மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியும் இவரால் முடியுமா?

கார்த்திகையில் கள்ளி சுருங்கியது. மார்கழியில் இன்னும் சுருங்கியது. ஆராவமுதன் செம்பை எடுப்பார், ஜன்னல் வரை போவார், திரும்புவார்.

"விரதம் அதுக்கா, உங்களுக்கா?" என்றாள் அவர் மனைவி கோமளா. "நீங்கதான் இளைச்சுப் போயிட்டீங்க."

மாசி பிறந்ததும் முதல் தண்ணீர். அடுத்தது, ஈர்க்குச்சியை மண்ணில் குத்திப் பார்த்து, அது ஈரமில்லாமல் வந்த பிறகு. உருண்டை மெல்ல உப்பியது. பழைய வடு பழுப்பாகக் காய்ந்து அப்படியே இருந்தது. பதினைந்து நாள் கழித்து, அந்த வடுவைச் சுற்றி, முட்களுக்கு இடையில், கடுகு அளவில் சிவப்புப் புள்ளிகள். எண்ணினார். ஒன்பது.

முதலில் இரண்டு விரிந்தன. மறுநாள் முற்பகலில் மீதி ஏழும். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. இதழின் நடுவில் மட்டும் மயிரிழை போல ஓர் அடர்ந்த கோடு. பூவுக்குள் மகரந்தம் மஞ்சளாக, மாவு தூவினாற்போல. ஒன்பதும் சேர்ந்து ஒரு வளையம். வடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சின்னஞ்சிறு தேனீ ஒன்று வந்தது. அந்தத் தெருவில் தேனீ உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அது ஒரு பூவில் தலை நுழைத்து, மஞ்சள் பூசிக்கொண்டு பின்வாங்கி, அடுத்ததில் நுழைந்தது. ஆராவமுதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோமளாவும் வந்து நின்றாள். சாதம் ஆறியது.

திடீரென்று எழுந்து ஸ்கூட்டரை எடுத்தார். திலகவதியின் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறினார்.

"அம்மா, பூத்திருக்கு! ஒன்பது! நேத்து விரிஞ்சது நாலு மணிக்கு மூடிக்கிச்சு, இன்னிக்குத் திரும்ப விரிஞ்சுது. நாலஞ்சு நாள்ல வாடிடும். வர்ற ஞாயிறு நான் பேசட்டுமா? ஒட்டின பூ எட்டு மாசம், நிஜப் பூ நாலு நாள்னு ஆரம்பிச்சு, அப்படியே நிலையாமைக்குப் போய், அங்கேர்ந்து..."

திலகவதி ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"மணி ரெண்டரை ஐயா," என்றார். "உங்க வீடு எந்தத் தெரு?"