பால் குடிச்ச பல்பு

குயிலி, காலை ஆட்டாமப் படு. பெரியம்மா கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுக்கும், எனக்கென்ன.

ஒரு ஊர்ல ஒரு கேள்விக்காரி இருந்தா. அவ பேரு சீனியம்மா. பேருலதான் சீனி, வாயத் தொறந்தா எல்லாருக்கும் தலைவலி. "பல்லி ஏன் கீழ விழல? ஆட்டுக்கு எதுக்குத் தாடி?" ஒரு நாள், சேவல் எதைப் பாத்துக் கூவுதுன்னு தெரிஞ்சுக்க, கூண்டுக்கு முன்னாடி அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிச்சா. சேவல் விடிஞ்சுருச்சுன்னு நெனச்சு "கொக்கரக்கோ!"ன்னுச்சு பாரு! அப்பத்தான் சோத்தைத் தின்னுட்டுப் படுத்த ஊரே எந்திரிச்சுப் பல்லு விளக்குச்சு.

"ம்... ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். அப்புறம் சீனியம்மா பெரியவளானா. அவ கேள்வியும் கூடவே பெருசாச்சு. எண்ணெய் ஊத்தாம, புகை இல்லாம, காத்துக்கு அசையாம நிக்கிற மாதிரி ஒரு விளக்கு பண்ணணும்னு ஒரே பிடிவாதம்.

அவளோட தாய்மாமன் சடையாண்டி. ஆட்டுக்காரரு, பெரிய மீசை. அவரோட பழைய கொட்டகையிலதான் இவ வேலை பாப்பா. உள்ள வரிசையாப் பானை. ஒவ்வொரு பானையிலயும் புளித்தண்ணி, அதுக்குள்ள ஒரு செம்புத் தகடு, ஒரு துத்தநாகத் தகடு. எல்லாப் பானையையும் கம்பியால கோத்தா, கம்பிக்குள்ள மின்சாரம் ஓடும். ஓடுறது யாரு கண்ணுக்கும் தெரியாது. ஆனா ஊருக்குள்ள புளி காணாமப் போனது எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சுச்சு! ரசம் இல்ல, குழம்பு இல்ல, ஊரே மூணு வேளையும் மோரை ஊத்தித் தின்னுச்சு.

அப்போ சடையாண்டி மாமா வந்து நின்னாரு. "ஏ புள்ள, மழைக்காலம் வருது, ஆட்டைக் கட்ட எடம் இல்ல. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் விளக்கு எரியணும். எரியலையா, பானையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு"ன்னாரு.

கொட்டகை போனா சீனியம்மாவுக்கு வேற போக்கிடமே இல்ல, குயிலி.

"ம்."

முதல்ல பருத்தி நூலை மூடின சட்டிக்குள்ள வச்சுக் கரியாக்கினா. அதை ரெண்டு கம்பிக்கு நடுவுல மாட்டினா. சர்ர்ர்... புஸ்! எரிஞ்சே போச்சு.

அப்புறம், முடி கொஞ்சம் கெட்டியா இருக்குமேன்னு யோசிச்சா. மாமா மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு. மெதுவாப் போய், சரக்! மீசையில ஒரு பக்கத்தை நறுக்கிட்டா! அதைக் கரியாக்கி, காத்துப் படாம இருக்கட்டும்னு ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள வச்சு மூடினா. பொசுக்! வந்த நாத்தத்துல பூனை வீட்டை விட்டே ஓடிருச்சு. மாமா எந்திரிச்சுத் தடவிப் பாத்து, "எலி கடிச்சுருச்சுடி வெள்ளத்தாயி!"ன்னு கத்துனாரு. வெள்ளத்தாயி யாரு? மாமா பொண்டாட்டி, சீனியம்மாவுக்கு அத்தை.

"ம்... எலியா!"

அப்போ சீனியம்மாவுக்கு ஒண்ணு தோணுச்சு. நெருப்புக்குச் சோறே காத்துதானே? குடுவையை மூடினா என்ன, உள்ள காத்து கெடக்குல்ல! அதைத் தின்னுட்டுத்தான் கரி எரிஞ்சு போகுது. சோத்தை எடுத்துட்டா?

மூணாவதா தேங்காநாரு. கரியாக்கி, குடுவைக்குள்ள வச்சு, ஒரு கைப்பம்பு மாட்டி உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சினா. உர்ர்... உர்ர்... கை ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலி. கடைசியில குடுவை வாயை நெருப்புல உருக்கி ஒட்டிட்டா.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். ஊரே கொட்டகைக்குள்ள. மாமா வாசல்ல ஆட்டோட நிக்கிறாரு. சீனியம்மா கம்பியைத் தொட்டு வச்சா. நாரு சிவந்துச்சு... மஞ்சளாச்சு... ஜொலி ஜொலின்னு ஜொலிச்சுச்சு! ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. ஒரு ஆளு குடுவைக்குக் கீழ எண்ணெய் எங்கன்னு தேடுறாரு. மாமா மட்டும் அத்தையவே பாக்குறாரு. "ஏ வெள்ளத்தாயி, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்லயே இருந்துச்சு. நீரு பகலெல்லாம் ஆட்டுப் பின்னால, ராத்திரியெல்லாம் புகை விளக்கு. எங்கிட்டுப் பாத்தீரு?"ன்னா அத்தை.

அத்தைக்கு வெக்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். நேரமாச்சே, புள்ள ஏத்துன விளக்கை நாமளே மரியாதையா மலையேத்துவோம்னு நெனச்சா. விளக்கை வாயால ஊதக்கூடாதுல்ல? அதான், பூவைப் பால்ல தொட்டு, சுடச்சுட இருந்த அந்தக் குடுவை மேல வச்சா பாரு...

டப்!

கண்ணாடி தெறிச்சுச்சு, காத்து உள்ள போச்சு, நாரு புஸ்ஸுன்னு போச்சு. ஒரே இருட்டு. ஆடெல்லாம் "மே!"ன்னு உள்ள பாய்ஞ்சுருச்சு. "ஐயையோ, நான்தான் கெடுத்தேன்"னு அத்தை அழ, "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு சீனியம்மா அழ... எனக்கே இந்த எடத்துல அழுகை வருது குயிலி.

"அப்புறம்?"

அப்போ இருட்டுக்குள்ள இருந்து மாமா கத்துனாரு. "எவன்டா ஆட்டை உள்ள விட்டது? வெளிய ஓட்டுங்கடா! ஏ சீனி, அழாத. எம்புட்டு நாரு வேணும் சொல்லு, தோப்பையே உரிச்சுக் கொண்டாறேன். எம்பொண்டாட்டி மச்சத்தை நான் இன்னும் சரியாவே பாக்கல!"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுச்சு. சீனியம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா.

அப்புறம் அடுத்த பல்பு வந்துச்சு. கூடவே, பாலும் வேணாம் பூவும் வேணாம்னு, சுவத்துல டிக்குன்னு ஒரு சுவிட்சும் வச்சுட்டா.

"பெரியம்மா, மாமா மச்சத்தைப் பாத்தாரா?"

பாத்தாரு, பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த மாசம் பூரா ஆடெல்லாம் தானே மேஞ்சு, தானே வீடு வந்துச்சு.

கதை வீடு போய்ச் சேந்துருச்சு, கண்ணை மூடிக்கோ.