ஏழாவது நண்டு

குமரிக் கடற்கரையில் சின்னமணல்துறை என்றொரு ஊர். அங்கே பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பந்தைத்தான் உதைக்கும். மழை பெய்து மைதானம் மூழ்கிவிட்டால் ஊரே ஜெரோமின் கேம் சென்டருக்குள் புகுந்து கணினியில் உதைக்கும். அந்தச் சென்டரில் எழுந்த வழக்கு இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே சொல்லிவிட்டு விழித்தவர்கள் அந்த ஊரிலேயே நிறையப் பேர்.

சென்டரில் இருப்பது இரண்டே சிஸ்டம். புதியதற்கு விசைப்படகு என்று பட்டப்பெயர். கால்பந்து ஆட்டத்தை மூன்றே நொடியில் திறந்துவிடும். பழையதற்குக் கட்டுமரம் என்று பெயர். அதற்கு ஒன்றரை நிமிடம் வேண்டும். ஆட்டம் திறக்கும்வரை திரையில் ஒரு படம் நிற்க, அதன் அடியில் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து நிரம்பும். ஆட்டத்தோடு வந்த படத்தில் யாரோ ஒரு வெளியூர் வீரன் கடன் கொடுத்தவன் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பான். அவனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நம்மூர்ப் படத்தைச் செய்து வைப்பதுதான் மெர்லினுடைய கிறுக்கு.

மெர்லின் மீன்வலை பின்னும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து சேர்வதற்குள் விசைப்படகில் பையன்கள் அட்டையாக ஒட்டியிருப்பார்கள். அவளுக்கு வாய்ப்பது கட்டுமரம்தான். இரண்டு வருடமாக அந்த ஒன்றரை நிமிடத்தை அவள் உட்கார்ந்து கழித்திருக்கிறாள். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். மெர்லினுக்குப் பூமியெல்லாம் வேண்டாம், தன் பெயர் போட்ட ஒரு படம் போதும். ஏனென்றால் அதுவரை அவள் செய்த நாலு படங்களும் சென்டர் பெயரில்தான் ஓடின. அது அவளுக்கு உள்ளூர வலித்தது.

மாதா கோயில் திருவிழாவுக்கு மைதானத்தில் பெரிய திரை கட்டிக் கணினிக் கால்பந்துப் போட்டி நடத்துவதாக முடிவாயிற்று. ஆட்டம் திறக்கும்போது காட்டும் படத்துக்கு முதலில் சென்டரில் ஒரு போட்டி, ஜெயிக்கும் படம் அந்தத் திரையில் வரும், செய்தவர் பெயரும் அடியில் வரும் என்று ஜெரோம் அறிவித்தார். அன்றிரவே மெர்லின் படம் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்த்துப் படம் செய்தவன் சைமன். ஊர் அணியின் முன்கள ஆட்டக்காரன், வாய்க்கும் பஞ்சமில்லை. விளக்கு வெள்ளத்தில் அரங்கம் மின்ன, நடுவில் அவனே அந்தரத்தில் பாய்ந்து பந்தை உதைக்கும் படம். நல்ல படம்தான், பொய் சொல்லக்கூடாது.

ஒரு படத்துக்கு ஒரு சிஸ்டம். வருகிறவர்கள் இரண்டிலும் ஆடிவிட்டு, பிடித்த படத்தின் டப்பாவில் ஆளுக்கொரு சோடா மூடியைப் போடவேண்டும். எது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கியதில், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை மெர்லினுக்கு விழுந்தது.

"எனக்குக் கட்டுமரம் போதும்," என்றாள்.

சைமன் வாய்விட்டுச் சிரித்தான். கரும்பு தின்னக் கூலி கிடைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

மெர்லினுடைய படத்தில் வலை காயும் கடற்கரை. துடுப்புகளை நட்டுக் கோல் கம்பம், ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டம், கம்பத்துக்கு நடுவே ஒரு கோல்கீப்பர், பந்தைத் துரத்தும் ஒரு நாய். கீழே ஒரே வரி: 'ஏழு நண்டு ஒளிஞ்சிருக்கு, பிடிங்க.'

முதலில் கட்டுமரத்தில் உட்கார்ந்தவர் படகுக்காரர் சூசைமரியான். ஆறு நண்டைப் பிடித்தார். அதற்குள் பச்சைக் கோடு நிரம்பி, ஆட்டம் தொடங்க விசில் ஊதியது. அவர் ஆட்டத்தை மூடிவிட்டு மறுபடியும் திறந்தார்.

"ஏன் மாமா, மூடி மூடித் தொறக்கீரு? வரிசை நிக்குது பாத்தீரா?" என்றார் ஜெரோம்.

"ஆட்டம் கெடக்கட்டும் மக்கா. ஒரு நண்டு பாக்கியிருக்கு."

ஏழாவது நண்டை முதல் தடவையிலேயே பிடித்தவர் அன்று ஒருவருமில்லை. பிடித்தவர்களும் இடத்தை வெளியே சொல்லவில்லை. அடுத்தவன் திண்டாடுவதைப் பார்க்கத்தானே இருக்கிறது சுகம். விசைப்படகில் மூடித் திறக்க மூன்றே நொடி போதும், ஆனாலும் அங்கே யாரும் அப்படிச் செய்யவில்லை. மதியம் ஜெரோம் டப்பாக்களை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார், மற்றவர்களும் போனார்கள். சைமன் மட்டும் பசியில்லை என்று சென்டரிலேயே இருந்துகொண்டான்.

சாயங்காலம் மூடிகளை எண்ணினார்கள். மெர்லினுக்கு நாற்பத்தொன்று, சைமனுக்கு இருபத்தாறு. மெர்லின் துள்ளிக் குதிக்கப் போன நேரத்தில் சைமன் குறுக்கே வந்தான்.

"இது நியாயமில்ல அண்ணே. எனக்க படம் நின்னது மூணு செக்கண்டு. இவளுக்க படம் நின்னது ஒன்றரை நிமிஷம். அவ்வளவு நேரம் பாத்தா சோப்புக் கவரும் அழகாத்தான் தெரியும். தெரிஞ்சுதானே மெர்லினு, கட்டுமரத்தை எடுத்தே?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன்," என்றாள் மெர்லின். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சூழ்ச்சி என்றார்கள் பாதிப்பேர், சாமர்த்தியம் என்றார்கள் மீதிப்பேர். கைக்கு எட்டிய பெயர் திரைக்கு எட்டாமல் போய்விடுமோ என்று மெர்லின் பயந்தாள். ஜெரோம் சைமனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சைமன் பதில் சொன்னான், வழக்கு அத்தோடு முடிந்தது.

ஜெரோம் பரிசை யாருக்குக் கொடுத்தார்? சைமனிடம் அவர் கேட்ட கேள்வி என்ன?

விடை: "சைமா, ஏழாவது நண்டு எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார். "கோல்கீப்பருக்க கையுறைக்குள்ள," என்று பட்டென்று சொன்னான் சைமன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முதல் ஒன்றரை நிமிடம் கட்டுமரம் கொடுத்தது, சரி. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த நேரத்தை மனுஷர்கள்தான் கொடுத்தார்கள், மதியச் சோற்றை விட்டுவிட்டு வழக்காடியவனே கொடுத்திருக்கிறான். ஆட்டம் திறக்கும்வரை காத்திருக்கிறவனுக்காகச் செய்வதுதான் அந்தப் படம். இரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு அது தெரிந்திருந்தது. பரிசு மெர்லினுக்கே. சைமன்தான் முதலில் சிரித்தான், மற்றவர்கள் அதற்குப் பிறகு. திருவிழாவன்று பெரிய திரையோடு எந்த சிஸ்டத்தை இணைக்கலாம் என்று ஜெரோம் கேட்டபோது, "கட்டுமரத்தையே போடும் அண்ணே, அவளுக்க பேரு கொஞ்ச நேரம் நிக்கட்டும்," என்றவனும் அவன்தான்.